மூச்சு வாங்குகிறவர்களின் ராத்திரி

சி.ஓ.பி.டி. என்கிற, காற்றுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போகிற நுரையீரல் நோய் இருக்கிறவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பதெல்லாம் பகலைப் பற்றித்தான். மாடிப்படி ஏற முடிகிறதா, கடைக்குப் போய் வருகிறீர்களா, சளி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். டாக்டர்களும் பெரும்பாலும் அப்படித்தான். ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. என்னைக் கேட்டால், இந்த நோயில் மனுஷனை உடைத்துப் போடுவது ராத்திரிதான். பகலில் மூச்சு வாங்கினால் எங்கேயாவது உட்கார்ந்துகொள்ளலாம். பக்கத்தில் ஆள் இருக்கும், வெளிச்சம் இருக்கும், ஆட்டோ கிடைக்கும். ராத்திரி மூன்று மணிக்கு அது எதுவும் இல்லை.

நான் கோயமுத்தூர்க்காரன். நூற்பாலையில் பஞ்சைச் சீவுகிற கார்டிங் பகுதியிலேயே என் சர்வீஸ் முழுக்கக் கழிந்தது. பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஆனால் ஆலையில் தூசி அதிகமுள்ள இடங்கள் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் பண்ணுகிற ப்ளோ ரூமும் கார்டிங்கும்தான். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனால் சாயந்திரத்துக்குள் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். வியாழன், வெள்ளிக்குள் தளர்ந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும். பஞ்சுத் தூசியால் வருகிற பிஸினோசிஸ் நோயின் ஆரம்பம் அப்படித்தான் இருக்கும் என்று ரொம்பப் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அப்போதெல்லாம் ஷிப்டு முடிந்து ஒரு கட்டி வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று நம்பினோம். ஓய்வு பெற்ற பிறகு குழாயில் ஊதச் சொல்லிப் பரிசோதித்தார்கள். ஒரு நொடியில் நான் வெளியே தள்ளுகிற காற்று, என் வயதும் உயரமும் உள்ளவருக்கு இருக்க வேண்டியதில் 42 சதவீதம்தான். காற்றுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிவிட்டது, சி.ஓ.பி.டி. என்று எழுதினார்கள்.

அப்புறம் ராத்திரிகள் கெட்டன. படுத்தவுடன் தூக்கம் வரும், அதில் குறையில்லை. மூன்று மணி, மூன்றரை மணிக்கு யாரோ நெஞ்சில் கை வைத்து அழுத்தியதுபோல் விழிப்பு வரும். எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்துகொள்வேன். தோள்பட்டை மேலும் கீழும் ஏறி இறங்கும். பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். என் வீட்டம்மா எழுந்து, "ஏனுங்க, சுடுதண்ணி வெச்சுக் கொண்டாரட்டுங்களா?" என்பாள். பதில் சொல்லக் காற்று இருக்காது. தலையை மட்டும் ஆட்டுவேன். இன்ஹேலர் பம்பை எடுத்து அடித்துக்கொண்டு கொஞ்சம் தணிந்தபிறகும் மறுபடி படுக்கப் பயம். படுத்தால் எழுந்திருப்போமா என்கிற பயம்தான், வேறென்ன. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து விடிய விடியத் தெரு விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பகலில் சோற்றைத் தின்றுவிட்டு இரண்டு மணி நேரம் தூங்குவேன். ராத்திரி மறுபடி இதே கதை.

இது ஏன் அந்த நேரத்தில் வருகிறது என்று என் நுரையீரல் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கேட்டபிறகு பயம் பாதி குறைந்தது என்பதால் அதை இங்கே எழுதுகிறேன். கனவு வருகிற தூக்கத்தில் உடம்பின் தசைகள் ஏறக்குறைய எல்லாமே தளர்ந்துவிடும். கனவில் ஓடுகிறவன் கட்டிலை விட்டு எழுந்து ஓடாமல் இருக்க உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு அது. நல்ல நுரையீரல் உள்ளவருக்கு இதனால் ஒன்றுமில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானம் என்கிற தசை ஒன்றே மூச்சு வேலையைப் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கோ நுரையீரலில் காற்று தேங்கித் தேங்கி, உதரவிதானம் கீழே தள்ளப்பட்டுத் தட்டையாகக் கிடக்கிறது. பகல் முழுக்கக் கழுத்துத் தசையும் விலா இடுக்குத் தசையும் கூடச் சேர்ந்துதான் மூச்சை இழுக்கின்றன. கனவுத் தூக்கத்தில் இந்தத் துணைக்கு வந்த தசைகள் கையை விரித்துவிடும். மூச்சின் ஆழம் குறையும், ஆக்ஸிஜன் இறங்கும். கனவுத் தூக்கம் அதிகம் வருவது ராத்திரியின் பின்பாதியில். காற்றுக்குழாய்களும் உடம்பின் நாள் கணக்குப்படி விடியற்காலை நாலு மணி வாக்கில்தான் மிகவும் சுருங்கி இருக்கும். இரண்டும் சேர்ந்து வருகிற நேரம் அது. யாரோ நெஞ்சில் கை வைத்து அழுத்தவில்லை என்று தெரிந்துகொண்டதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

தூக்க மாத்திரை கேட்டேன். "இப்போதைக்கு வேண்டாங்க" என்றார். மூச்சு விடச் சொல்லி மூளை தருகிற உந்துதலையே சில மாத்திரைகள் மட்டுப்படுத்தும், எங்களைப் போன்றவர்களுக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும் என்று விளக்கினார். மாத்திரைச் சீட்டுக்குப் பதிலாக இயன்முறை மருத்துவப் பகுதிக்கு ஒரு சீட்டு எழுதினார். புல்மனரி ரீஹாப், அதாவது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. எட்டு வாரம்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தூக்கம் வரவில்லை என்று சொன்னவனை நடக்க அனுப்புகிறாரே என்று. அதற்கு முன் நான் பார்த்த வேறொரு இடத்தில் "ஓய்வெடுங்கள், உடம்பை அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு காலத்தில் உலகம் முழுக்க டாக்டர்கள் சொன்னதும் அதைத்தான். 1950களிலேயே அமெரிக்காவில் ஆல்வன் பாராக் என்ற டாக்டர் இப்படிப்பட்ட நோயாளிகளை நடக்க வைக்க வேண்டும் என்று எழுதினார். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1960களில் டென்வர் நகரத்தில் தாமஸ் பெட்டி என்ற டாக்டர் இதை ஒரு முழுத் திட்டமாகவே நடத்திக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இது பரவ ஆரம்பித்தது. இன்றைக்கும் நம் ஊரில் இன்ஹேலர் எழுதிக் கொடுக்கப்படுகிறவர்களில் இந்தப் பயிற்சிக்கும் அனுப்பப்படுகிறவர்கள் கொஞ்சம்தான். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

முதல் நாள் ஆறு நிமிட நடைப் பரிசோதனை. முப்பது மீட்டர் நீளமுள்ள வராந்தா, இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு, தரையில் மூன்று மீட்டருக்கு ஒரு கோடாக டேப் ஒட்டியிருந்தது. பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, எதிரே ஒரு அட்டையைக் காட்டினார். பூஜ்யத்திலிருந்து பத்து வரை. பூஜ்யம் என்றால் மூச்சு வாங்கவே இல்லை, பத்து என்றால் இனி முடியவே முடியாது. போர்க் அளவுகோல் என்று பெயராம். "அப்பா, ஓட வேண்டாம். உங்களால எவ்வளவு தூரம் முடியுதோ அவ்வளவு நடங்க. நிக்கணும்னு தோணுச்சுன்னா நில்லுங்க, செவுத்துல சாஞ்சுக்கலாம். முடிஞ்ச உடனே மறுபடி நடங்க" என்றார். ஒவ்வொரு நிமிஷமும் ஒரே குரலில், "நல்லாப் பண்றீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார், கூட நடக்கவும் மாட்டார். எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்தால்தான் அளவு சரியாக வருமாம். ஆலையில் நூல் கவுண்ட் பார்க்கிறவனுக்கு இந்த ஒழுங்கு பிடித்துப் போயிற்று. 276 மீட்டர் நடந்தேன். நடுவில் ஒருமுறை சுவரில் சாய்ந்து நின்றேன். விரலில் ஆக்ஸிஜன் அளவு 88 காட்டியது.

அன்றைக்கே தூக்கத்தைப் பற்றியும் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆனது, இருமலால் எத்தனை தடவை விழித்தீர்கள் என்று கடந்த ஒரு மாதத்தைப் பற்றிய கேள்விகள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1989ல் வெளியிட்டது. மொத்தம் 21 மதிப்பெண், 5க்கு மேல் போனால் தூக்கம் சரியில்லை என்று கணக்கு. எனக்கு 13. அந்த எண்ணைப் பார்த்தபோது, இத்தனை நாள் வாயால் சொல்லி யாரும் காது கொடுக்காத ஒன்று காகிதத்தில் ஏறிவிட்டது என்று நிம்மதியாக இருந்தது. ரீஹாப் நடத்துகிற எல்லா இடத்திலும் இந்தப் படிவத்தை முதல் நாளே கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பத்து நிமிஷம்கூட ஆகாது.

பயிற்சியில் பெரிய கருவிகள் ஒன்றும் இல்லை. ஒரு சைக்கிள், ஒரு டிரெட்மில், ஒரு படிக்கட்டுப் பலகை, மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள், கை இல்லாத நாற்காலி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். பார்க்கச் சாதாரணம், செய்து பார்த்தால் தொடை நடுங்கும். மூச்சு வாங்குகிறது என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரைந்துவிடுகிறது. மெலிந்த சதை சின்ன வேலைக்கே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். அந்த அமிலத்தை ஈடுகட்ட உடம்பு இன்னும் வேகமாக மூச்சு விடச் சொல்லும். காலுக்குப் பயிற்சி கொடுத்தால் அதே தூரத்தைக் குறைந்த மூச்சில் நடக்கலாம். நுரையீரல் இருந்தபடியேதான் இருக்கும், கால்தான் தேறுகிறது. இதை ஒளிக்காமல் முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி குழாயில் ஊதியபோது அதே 42தான் வந்தது. நான் ஏமாறவில்லை.

மூச்சை வெளியே விடும் முறைதான் அங்கே அடிப்படைப் பாடம். உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும், இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம். காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பவர்கள் இறங்கி முடிப்பதற்குள் ஆட்கள் ஏற ஆரம்பித்தால் வாசலில் நெரிசல்தான் மிஞ்சும். சுருங்கின குழாய் வழியாகக் காற்று வெளியேற நேரம் எடுக்கும். அதற்குள் அவசரப்பட்டு அடுத்த மூச்சை இழுத்தால் நெஞ்சு இன்னும் உப்பும், மூச்சு இன்னும் முட்டும். முதலில் காற்றை வெளியே அனுப்பு, உள்ளே வருவது தானாக வரும். இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும், உடம்புக்குப் பழக்கத்தான் வாரக்கணக்கில் ஆயிற்று.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அங்கே வேண்டுமென்றே நமக்கு மூச்சு வாங்க வைக்கிறார்கள். அட்டையில் நாலிலிருந்து ஆறுக்குள் வருகிற அளவுக்கு நடக்க வேண்டும். மூச்சு வாங்கக்கூடாது என்று வருஷக்கணக்கில் பதுங்கிப் பதுங்கி வாழ்ந்தவனை, வாங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் நடக்க வைப்பார். அஞ்சுக்கு ஏறும். நிற்பேன். ஜன்னல் திண்டில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஊதுவேன். அவர் பக்கத்தில் நின்று, "இறங்குதுங்களா அப்பா? இப்ப எத்தனை?" என்பார். நாலு. மூன்று. இரண்டு. மறுபடி நடை. ஒரே காலையில் இப்படிப் பல தடவை. மூச்சு ஏறுகிறது, அது இறங்கியும் விடுகிறது. அதை இறக்க என் கையில் வழி இருக்கிறது. இதைப் பட்டப்பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, உடம்பு திரும்பத் திரும்பக் கற்றுக்கொள்கிறது.

பயிற்சி பாதியைத் தாண்டிய சமயத்தில் ஒரு ராத்திரி வழக்கம்போல் மூன்றரைக்கு விழித்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முன்னால் இருந்த ஸ்டூலில் தலையணையைப் போட்டு அதில் கையை வைத்துக் குனிந்தேன். என்னையறியாமல் மனசுக்குள், இப்ப எத்தனை என்று கேட்டுக்கொண்டேன். ஆறு. ஊதினேன். ஐந்து. கொஞ்ச நேரத்தில் மூன்று. வீட்டம்மாவை எழுப்பவில்லை. தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்து படுத்து, நாலரைக்கு மேல் தூங்கிப் போனேன். விழிப்பு இன்றைக்கும் நிற்கவில்லை. விழித்தபிறகு விடிய விடிய உட்கார்ந்திருந்தது நின்றுவிட்டது. கடைசியில் மறுபடி அந்தப் படிவத்தை நிரப்பியபோது 13 என்பது 8 ஆகியிருந்தது. நடை 331 மீட்டர். முப்பது மீட்டர் கூடினாலே அது நோயாளிக்கு உணரக்கூடிய முன்னேற்றம் என்கிறார்கள்.

ஆய்வுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று நர்சிங் படித்த என் மகளைத் தேடித் தரச் சொல்லிப் படித்தேன். ஒரே மாதிரி பதில் இல்லை. படிவம் நிரப்பச் சொல்லிப் பார்த்த ஆய்வுகள் சிலவற்றில் தூக்கம் முன்னேறியிருக்கிறது. கருவி கட்டி அளந்த ஆய்வுகளில், தூங்கிய நேரமும் விழித்த நேரமும் பெரிதாக மாறவில்லை என்று வந்திருக்கிறது. எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது. கையில் கருவி கட்டியிருந்தால் நான் மூன்றரைக்கு விழித்தது பதிவாகியிருக்கும். பயப்படாமல் இருந்தது பதிவாகாது. 2015ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. இந்தப் பயிற்சியால் மூச்சுத் திணறல், அசதி, மனநிலை மூன்றும் முன்னேறின, நோயைத் தன் கட்டுக்குள் வைத்திருக்கிறோம் என்கிற உணர்வும் கூடியது என்று அதில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் என் ராத்திரியை மாற்றியது.

பகல் தூக்கமும் போய்விட்டது. காலையில் பயிற்சி முடித்து வந்தால் அசதி அசதியாக இருக்கும். மத்தியானம் படுக்காமல் தாக்குப்பிடித்தால் ராத்திரி ஒழுங்காகத் தூக்கம் பிடிக்கும் என்று கண்டுகொண்டேன். சாயந்திரம் சளியை வெளியேற்றிவிட்டுத்தான் சாப்பாடு. அதற்கு 'ஹஃப்' என்று கண்ணாடியில் ஆவி படிய ஊதுகிற முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள், தொண்டை கிழிய இருமத் தேவையில்லை. ராத்திரி வயிறு முட்டச் சாப்பிடுவதில்லை, இரண்டு இட்லியோடு சரி. வயிறு உப்பினால் உதரவிதானத்துக்கு இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். காற்றுக்குழாயை விரிக்கத் தருகிற தியோஃபிலின் மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான். என் மாத்திரைகளின் நேரத்தை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். நீங்களாக மாற்றாதீர்கள், சீட்டைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.

நடையால் எல்லோருக்கும் எல்லாம் சரியாகும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. எங்கள் குழுவில் பேக்கரி வைத்திருந்த ஒருவர் இருந்தார். கனத்த உடம்பு, கழுத்தே தெரியாது. நடையில் என்னைவிட நன்றாகத் தேறினார். தூக்கம் மட்டும் அப்படியே இருந்தது. காலையில் தலைவலியோடு எழுந்திருப்பார், சைக்கிள் மிதித்துவிட்டு உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே தூங்குவார். ராத்திரி குறட்டை பயங்கரம், நடுநடுவே மூச்சே நின்றுபோகிறது என்று அவர் சம்சாரம் சொன்னதைக் கேட்டதும் பயிற்சி கொடுக்கும் பெண் உடனே டாக்டரிடம் பேசினார். தூக்கப் பரிசோதனையில் அவருக்கு சி.ஓ.பி.டி.யோடு தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயும் சேர்ந்திருப்பது தெரிந்தது. இரண்டும் சேர்ந்தால் ஆக்ஸிஜன் இன்னும் மோசமாக இறங்கும். 1985ல் டேவிட் ஃப்ளென்லி என்ற டாக்டர் இந்தச் சேர்க்கைக்கு ஓவர்லேப் சிண்ட்ரோம் என்று பேர் வைத்தார். தூங்கும்போது காற்றை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிற சிபேப் முகமூடிக் கருவி வைத்தபிறகு பேக்கரிக்காரர் மறுபிறவி எடுத்தவர்போல் இருக்கிறார். நடை அவருக்கு அதைச் செய்திருக்காது. காலைத் தலைவலி, பகலில் அடக்க முடியாத தூக்கம், குறட்டை, கால் வீக்கம் இவை இருந்தால் தயவுசெய்து பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸிஜனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனாவுக்குப் பிறகு பலர் வீட்டில் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற கான்சென்ட்ரேட்டர் கிடக்கிறது. ராத்திரி மூச்சு முட்டினால் அதை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஆக்ஸிஜன் ரொம்பக் குறைவாக இருப்பவர்களுக்கு, தினம் 15 மணி நேரமாவது ஆக்ஸிஜன் கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்பது 1980, 81லேயே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நிரூபணமானது. ராத்திரியில் மட்டும் இறங்குகிறவர்களுக்குப் பலன் உண்டா என்று பார்த்த ஆய்வு, போதிய ஆட்கள் சேராமல் பாதியில் நின்று, 2020ல் தெளிவான முடிவில்லாமல் வெளிவந்தது. எங்களில் சிலருக்குத் தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் போனால் கார்பன் டை ஆக்ஸைடு ஏறி மயக்கமே வரலாம். எத்தனை லிட்டர் என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும்.

எட்டு வாரத்தோடு விட்டுவிட்டால் கிடைத்தது ஒரு வருஷத்துக்குள் கரைந்துவிடும் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். இப்போது ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நடக்கிறேன், பெஞ்சுகள் நிறைய இருப்பதால். எங்கள் குழுவில் இருந்த பொள்ளாச்சிப் பக்கத்து அக்கா ஒருவர், விறகடுப்புப் புகையில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர், தன் தென்னந்தோப்பிலேயே மரத்துக்கு மரம் எண்ணி நடப்பதாகப் போனில் சொன்னார். மார்கழிப் பனியிலும் தீபாவளிப் புகையிலும் நான் வெளியே போவதில்லை. நாற்காலியும் மணல் பாட்டிலும் வீட்டில் இருக்கின்றன.

நான் எழுதுவதைப் படிக்கிற ஒருவர் கேட்டிருந்தார், ராத்திரி தூங்காத அன்று காலையில் நடக்கலாமா என்று. நான் நடக்கிறேன், ஆனால் பாதி தூரம், அட்டையில் மூன்றைத் தாண்டாமல். தூங்கவில்லை என்று படுத்தே கிடந்தால் அடுத்த ராத்திரியும் போய்விடுகிறது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால், காய்ச்சல் இருந்தால், கால் வீங்கியிருந்தால், ஆக்ஸிமீட்டர் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டினால் அன்றைக்கு நடை கிடையாது, நேராக டாக்டரிடம் போக வேண்டும். போகும்போது ராத்திரி எத்தனை மணிக்கு விழித்தீர்கள், மறுபடி எப்போது தூங்கினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் மேஜை மேல் வையுங்கள்.